மாடி வீட்டு அம்மிணி

"நான் ஒண்ணுமே பண்ணல நிரா. சும்மா ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அவ்வளவுதான்."

என் சர்வீஸில் இந்த வாக்கியத்தைக் கேட்டு விளங்கின இடமே கிடையாது. ரோட்டர்டாம் துறைமுகத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் கண்டவன் நுழையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கேயும் இதையேதான் டச்சில் சொல்வார்கள். ஆனால் அங்கே நின்றுபோவது கப்பல். இங்கே, கோயம்புத்தூர் கணபதியில், ஆயுத பூஜையும் அதுவுமாக நின்றுபோயிருந்தவர் எங்கள் அப்பா.

அண்ணன் கிஷோர் அலமாரியைக் காட்டினான். சாமி படத்துக்குப் பக்கத்தில் நினைவுப் பெட்டி. சந்தனம், குங்குமம், தலைமேல் ஒரு முழம் செவ்வந்தி எல்லாம் ஜோராக இருந்தது. உயிர்தான் இல்லை.

"எதுக்குணா இத ஆஃப் பண்ணே?"

"ஆயுத பூஜைக்கு எந்த மிஷினும் ஓடக் கூடாதுன்னு அப்பாதானே சொல்லி வளத்தாரு? லேத்து, கம்ப்ரசரு, மிக்சி எல்லாத்தையும் நிறுத்திப்போட்டுப் பொட்டு வெச்சோம். இது மட்டும் பச்ச லைட்டு மினுக்கிட்டே இருந்துச்சு. இதும் மிஷினுதானேன்னு..."

"மினுக்குனா அப்டேட் ஓடுதுன்னு அர்த்தம்! ஓடறப்பக் கரண்டப் புடுங்கினா?"

"எனக்கென்ன தெரியும்? போன வருஷமும்தான் நிறுத்துனோம். ஒண்ணும் ஆகலியே."

அவனைத் திட்டியும் பிரயோஜனமில்லை. அப்பாவின் சட்டம் அப்படி. லேத் பட்டறைக்காரர், பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் விடிகிறவரை யாரும் தொடக் கூடாது. சின்ன வயதில் என் காம்பஸ் பாக்ஸுக்கும் பொட்டு வைத்துவிடுவார். வேண்டும் என்று நான் அழுது புரண்டாலும் தர மாட்டார். "அது அசந்து தூங்குது பாப்பா. நாளைக்கு எடுத்துக்க" என்பார். ஊரில் எவ்வளவு பெரிய ஆர்டர் வந்து வாசலில் நின்றாலும் அன்றைக்கு ஒரு ஸ்பானர் நகராது.

அப்பாவுக்கு மறதி நோய். காதுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் ஒரு சில்லு, மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா. எதிரே வருகிறவரின் முகம் பெட்டிக்குப் போகும். இது யார், என்ன உறவு, கடைசியாக என்ன பேசினோம் என்பதைப் பெட்டி தேடியெடுத்துச் சில்லுக்கு அனுப்பும். காதில் குரல் கேட்பதெல்லாம் இல்லை. தானாகவே ஞாபகம் வந்த மாதிரி வரும். எங்கள் தெருவிலேயே பாதி வீட்டுப் பெரியவர்கள் இதை வைத்துக்கொண்டுதான் பேரப்பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பெட்டிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால் உண்டு. ஆரம்பத்தில் அது இல்லாமல்தான் விற்றார்கள். எவனோ படுபாவிகள் காற்றிலேயே உள்ளே புகுந்து, "நான்தான் உங்க மூத்த பையன்" என்று பெரியவர்கள் தலைக்குள் ஏற்றிவிட்டு வீட்டையே எழுதி வாங்கிப் போனார்கள். அதற்கப்புறம்தான் காவல் இல்லாத பெட்டி கூடாதென்று சட்டம் வந்தது.

அந்தச் சட்டம்தான் இப்போது எங்கள் கழுத்தைப் பிடித்திருந்தது.

"புரியற மாதிரி சொல்லுங்க நிரா," என்றார் அண்ணி ஜனனி. கையில் தண்ணீர்ச் சொம்பு. காலையிலிருந்து அந்தச் சொம்போடு அப்பாவின் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஃபயர்வால்னா வாட்ச்மேன்னு வெச்சுக்கங்க அண்ணி. பழைய வாட்ச்மேன அனுப்பியாச்சு. புது ஆளு வந்து யூனிஃபார்ம் மாட்டறதுக்குள்ள அண்ணன் கரண்டப் புடுங்கிருச்சு. கேட்டுல ஆளே இல்லாட்டி கேட்டு தானாப் பூட்டிக்கும். வீட்டுக்காரனே வந்து நின்னாலும் உள்ள விடாது."

"அப்பப் பூட்ட ஒடச்சுப்போடுங்க."

"ஒடச்சா ரோட்டுல போறவனெல்லாம் அப்பா தலைக்குள்ள போயி ஒக்காந்துக்குவான். அதுவும் போக, பொழுது எறங்கறதுக்குள்ள புது வாட்ச்மேன் வேலைக்கு வரலைன்னா பெட்டி மொத்தமாப் பூட்டிக்கும். சில்லும் சேந்து செத்துப்போயிரும்."

"வேற சில்லு?"

வேறு சில்லு என்றால் மறுபடி மண்டையைத் திறக்க வேண்டும். அப்பாவின் பலவீனமான இதயத்தை வைத்துக்கொண்டு இனிக் கத்தியைத் தொட மாட்டோம் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கம்பெனிக்கு ஃபோன் போட்டால் பண்டிகை வாழ்த்துச் சொல்லிவிட்டு, அலுவலகம் நாளை மறுநாள் திறக்கும் என்றது ஒரு இயந்திரக் குரல்.

அறைக்குள் அப்பா கட்டிலின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கையில் லேத்தை முடுக்கும் கனத்த இரும்புச் சக் சாவி. அண்ணி ஒரு அடி உள்ளே வைத்ததும் அதை ஓங்கினார்.

"ஆருங்க நீங்கல்லாம்? என்ற பட்டறைக்குள்ள எவன் உட்டான் உங்கள? சின்னானக் கூப்புடுங்க!"

பட்டறையில் வேலை பார்த்த சின்னான் இறந்து வெகுகாலம் ஆகிறது. அப்பாவின் உதடு வெடித்திருந்தது. முன்பின் தெரியாதவர் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார்.

கிஷோர் வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். "என்னயப் பாத்து ஆருன்னு கேக்கறாரு நிரா."

எனக்கு அந்தக் கேள்வி பழகிப்போனது. சில்லு வைத்த புதிதில் எல்லோரையும் அடையாளம் கண்டார், என்னையும்தான். ரோட்டர்டாம் வேலை கிடைத்திருந்த சமயம் அது. நான் சூட்கேஸைத் தூக்கும்போதெல்லாம் அப்பா அழுவார். சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். இரண்டு முறை டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். பிறகு ஒரு நாள் காலையில் காபி கொண்டுபோனபோது நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அம்மிணி, ஆருங்க நீங்க?" என்றார். உலகமே தெரிகிறது, என்னை மட்டும் தெரியவில்லை. கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சில முகம் மட்டும் அப்படி ஒட்டாமப் போயிரும் மேடம்," என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனான். பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை. பழுதானால்தான் பழுதுபார்க்கும் திரையே வரும்.

அப்புறம் எதற்காக இருப்பது? கிளம்பிப் போனேன். வருஷம் ஒரு தடவை வருவேன். மாடி அறையில் தங்குவேன். கீழே அப்பா கேட்கும்போதெல்லாம், "மாடியில குடியிருக்கறவங்கப்பா" என்று கிஷோர் சொல்வான். "வாங்க அம்மிணி, டீ குடிக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். நான் "குடுங்க அய்யா" என்று வாங்கிக்கொள்வேன். பெத்த அப்பனிடம். இந்தத் தடவையும் லீவு முடிந்துவிட்டது. சாயங்காலம் ஏர்போர்ட்டுக்கு டாக்சி சொல்லியிருந்தேன்.

லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தேன். இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாகப் பழுதுபார்க்கும் திரை எனக்குத் திறந்தது.

முதலில் நின்ற இடத்திலிருந்து அப்டேட்டைத் தொடரச் சொன்னேன். வேறு யாரோ ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பதாக முரண்டு பிடித்தது. அது கரண்ட் போனபோது செத்துப்போன பழைய வேலையின் மிச்சம். அதை அழித்தேன். அடுத்தது, புது ஃபயர்வாலுக்கு வேறு இரண்டு துணை மென்பொருள் வேண்டும், அவை இல்லாமல் நான் வர மாட்டேன் என்றது. சரி, இறக்கிக்கொள் என்றால் இறக்கவும் மாட்டேன் என்கிறது. கம்பெனி சர்வரை நம்ப முடியாதாம். அதன் அடையாளச் சான்று செல்லாதாம்.

"உன்ற கம்பெனியையே நம்ப மாட்டியா? சனியனே!" கத்திவிட்டேன்.

"கம்பெனிக்காரனுங்க ஏமாத்தறானுங்களா?" என்றான் கிஷோர்.

"சித்தெ சும்மா இருணா."

வேறொரு சர்வரைக் காட்டினேன். அதையும் நம்பவில்லை. அப்டேட்டையே விட்டுவிட்டுப் பழையதைத் திரும்ப நிறுவலாமா என்று பார்த்தேன். பழையதை நீக்கியாகிவிட்டது, அது திரும்பி வராது. திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வந்தது. பூட்டிக்கொள்வதற்கு மீதமிருக்கும் நேரம் அதுதான். ஒரே கட்டளையை மூன்று முறை தப்பாக அடித்தேன். துறைமுகமே நின்றபோதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை.

அறைக்குள் ஏதோ உருண்டது. அப்பா இருமினார். வறண்ட இருமல்.

"நிரா, அந்த மூலைல தேதி தப்பாக் காட்டுது பாருங்க," என்றார் அண்ணி.

பார்த்தேன். பெட்டியின் கடிகாரம் அது தயாரான வருஷத்துக்கே போயிருந்தது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்டைப் பிடுங்கியதும் இன்றைய தேதி மறந்துபோய்விட்டது. சர்வர்களின் சான்றெல்லாம் அதைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவேயில்லை. அப்புறம் எப்படி நம்பும்? அட கடவுளே, இவ்வளவு நேரம் இதையா பார்க்காமல் விட்டேன்!

"இதுக்கும் அப்பா மாதிரியே ஆகிப்போச்சா?" என்றான் கிஷோர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தேதியைத் திருத்தினேன். மடமடவென்று எல்லாம் இறங்க ஆரம்பித்தது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். எண்பது சதவீதம், தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. அங்கே மறுபடி நின்றது.

ஆனால் இது பிழை இல்லை. ஒரு கேள்வி.

'விதிகளின் கோப்பு இந்த வீட்டில் மாற்றப்பட்டுள்ளது. மாற்றிய விதிகளை வைத்துக்கொள்ளவா? நிறுவனத்தின் புதிய விதிகளைப் போடவா?'

காலையில் பெட்டி மினுக்கிக்கொண்டே இருந்தது இதற்காகத்தான். பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது, பாவம். யாரும் பார்க்கவில்லை.

"என்ன மாத்துனீங்க?" என்றேன்.

"நாங்க எதுக்கு அதத் தொடறோம்?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன வித்தியாசம் என்று காட்டச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் கூடுதலாக இருந்தது.

'முகம்: நிரஞ்சனா. உறவு: மகள். தடு.'

எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. என் முகம் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் எதிரே போய் நின்றபோது பெட்டி என்னைக் கண்டுபிடித்திருக்கிறது. வாசல்வரை கூட்டிப்போயும் இருக்கிறது. கேட்டில்தான் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீயா பண்ணே?"

"என்ன?"

"என்னய அப்பா தலைலேருந்து தூக்கிப்போட்டது நீயான்னு கேக்கறேன். பட்டறை வேணுமா? வீடு வேணுமா? கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே! எதுக்குடா இப்படிப் பண்ணுனே?"

திரையைப் பார்த்த கிஷோரின் முகம் வெளுத்துப்போனது. "என்ற புள்ளைங்க மேல சத்தியமா நானில்ல நிரா. எனக்கு இந்தக் கெரகத்த ஆஃப் பண்ணவே ஒழுங்காத் தெரியல, இதெல்லாம் எங்க பண்றது?"

"அப்ப ஆரு?"

"சண்டைய அப்புறம் போடுங்க, அந்தக் கோடு கொறையுது!" அண்ணி கிட்டத்தட்ட அலறினார். பிறகு வரியின் நுனியைத் தொட்டுக் காட்டினார். "இதென்ன, ஸ்பீக்கர் படம் மாதிரி?"

ஒப்புதல். விதியை மாற்றினால் மாற்றியவரின் குரலைப் பதிந்துவைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அழுத்தினேன்.

முதலில் கம்பெனி ஆளின் குரல். தரையைப் பார்த்துப் பேசியவனேதான். "அய்யா, நல்லா ரோசிச்சுத்தான் சொல்றீங்களா? போட்டுட்டா உங்க பொண்ணு உங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க."

பிறகு அப்பா.

"போடுப்பா. அவளப் பாத்துட்டா நான் உடமாட்டேன். ரெண்டுதடவ டிக்கெட்டக் கிழிச்சுப்போட்டா. ராத்திரியானா அழுவறேனாமா, எனக்கே தெரியறதில்ல. நானா உடறதுக்கு எனக்குப் பலம் பத்தலீங்க. அவளத் தெரியலைன்னா அழுவமாட்டேன்ல? கோவிச்சுக்கிட்டாவது போயிருவா. நெம்பப் படிச்ச புள்ள. என்ற பாப்பா போகட்டும். அவகிட்டச் சொல்லிப்போடாத."

கொஞ்ச நேரம் செருமல். "கிஷோருக்கும் சொல்லாத. அவன் வாய் நிக்காது."

கிஷோர் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். "என்ற பேருல மட்டும் அப்படி ஒரு வரி போடலியே அவரு," என்றான். "என்னய மட்டும் போகவுடலியே." அண்ணி சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சிவப்புக் கோடு நூலாக இருந்தது.

வைத்துக்கொள் என்றால் அப்பாவின் ஆசைப்படி நடக்கும். கிஷோரைத் தெரியும், அண்ணியைத் தெரியும், தண்ணீர் குடிப்பார், நான் மாடியில் குடியிருக்கிறவளாகவே ஊர் போய்ச் சேர்வேன். அதுதான் நியாயம். அதுதான் அவர் கேட்டது. ஆனால் நானும் மனுஷிதானே! எத்தனை வருஷமாக அந்த மனிதர் கையால் டீ வாங்கிக் குடித்து, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் அழுதிருக்கிறேன். ஒரே ஒருக்கா என்னைப் பார்த்து பாப்பா என்று சொல்லட்டும். முந்தானையைப் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாவது டிக்கெட்டும் கிழியட்டும்.

"எதையாவது அமுத்து நிரா," என்றான் கிஷோர்.

புதிய விதிகளை அழுத்தினேன்.

பெட்டி ஒரு தடவை விசில் அடித்தது. பச்சை விளக்கு நிலைத்து நின்றது. சிவப்புக் கோடு மறைந்துவிட்டது.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "கிஷோரு! டேய், தண்ணி குடுக்கறதுக்கு ஆருமில்லியா இந்த வீட்டுல?"

அண்ணி சொம்போடு ஓடினார். மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. கிஷோர் அழுதுகொண்டே சிரித்தான். "பட்டறைப் பசங்களுக்குப் பொரி கடலையெல்லாம் குடுத்தாச்சாடா?" என்று கேட்டபடியே, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அப்பா கூடத்துக்கு வந்தார்.

என்னைப் பார்த்தார்.

லேப்டாப் என் கையிலேயே திறந்திருந்தது. திரையில் ஒரு வரி ஓடியது. 'முகம்: நிரஞ்சனா. உறவு: மகள். இணைப்பு: தடுக்கச் சொல்லித் தந்த குரல் ஒப்புதல். அனுமதிக்கப்பட்டது.' அடுத்த நொடி அதன் கீழே, 'சில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.'

நின்றுவிட்டார். கையிலிருந்த சக் சாவியை மேஜைமேல் வைத்தார். அது மேஜையைத் தொட்டபோது கடகடவென்று சத்தம் வந்தது. நான் ஒரு அடி முன்னால் போனேன். அப்பா என்று கூப்பிட வாயெடுத்தேன்.

"ஏனுங்க," என்றார். "மாடி வீட்டு அம்மிணிங்களா?"

கிஷோர் வாயைத் திறந்தான். அண்ணி அவன் கையை இறுகப் பிடித்தார். நான் மாடி வீட்டுக்காரி என்று இன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெட்டி சொன்னது மகள் என்றுதான்.

"ஆமாங்க அய்யா," என்றேன்.

அப்பா அலமாரிக்குப் போனார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, என் லேப்டாப்பை மூடி, நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். அவசரமே இல்லாமல் வைத்தார். பழக்கதோஷம், நான் அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் பூஜையில் வைக்கப் போனேன். அவர் அதை வாங்கி என் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"வெக்காதீங்க. எடுத்துட்டுக் கெளம்புங்க. தூரமாப் போறவங்க மிஷினு இங்க சும்மா கெடக்கக் கூடாது."

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"சரிங்க அய்யா. போயிட்டு வர்றேனுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். நான் மாடிக்குப் போய்ச் சூட்கேஸை எடுத்துவந்து, வாசல் தாண்டி, டாக்சி தெருமுனை திரும்புகிறவரை அதைத் துடைத்துக்கொண்டே நின்றார். கண்ணில் மாட்டவே இல்லை.